36 அடி தேன்நிலவு

அமெரிக்காவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகிற பெற்றோருக்கு நயாகராவும் டிஸ்னிலாண்டும் முடிந்தபிறகு மூன்றாவதாக ஒன்று காத்திருக்கும்.

'இந்த சம்மர்ல ஆர்.வி. எடுத்துக்கிட்டு யெல்லோஸ்டோன் போறோம்ப்பா. நாலு நாள் அதுலயேதான் சமையல், தூக்கம், எல்லாம்.'

'எல்லாம்னா?' என்று அம்மா கேட்பாள்.

'எல்லாம்தாம்மா.'

ஆர்.வி. என்றால் ரெக்ரியேஷனல் வெஹிக்கிள். கேம்பர் என்றும் சொல்வார்கள். சக்கரம் வைத்த வீடு. இதில் இரண்டு ஜாதி. ஒன்று தானே ஓடும். மற்றது காருக்கோ டிரக்குக்கோ பின்னால் இழுபடும். தானே ஓடுவதில் ஏ, பி, சி என்று மூன்று வகுப்பு. 'ஏ' நம் ஊர் ஆம்னி பஸ் சைஸ். 'பி' என்பது வேன். 'சி' இரண்டுக்கும் நடுவில், டிரைவர் தலைக்கு மேல் ஒரு படுக்கை துருத்திக்கொண்டிருக்கும். இழுபடுவதில் இரண்டு பேர் ஊர்ந்து போய்ப் படுக்கிற கண்ணீர்த்துளி வடிவப் பெட்டி முதல், சுவர்களே வெளியே நகர்ந்து ஹாலைப் பெரிதாக்கும் பங்களா வரை இருக்கிறது.

எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது என்று யோசனை சொல்லும் கையேடுகள் அங்கே ஏராளம். பெரும்பாலும் சோபா எப்படிக் கட்டிலாக மாறும், டி.வி. எத்தனை இன்ச் என்கிற ரகம். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது ஒரு பழைய சினிமா, படிக்க வேண்டியது ஒரு புத்தகம், அப்புறம் இன்னொரு சினிமா. இந்த வரிசையில்.

* * *

பழைய சினிமா, 'தி லாங், லாங் ட்ரெய்லர்' (1954). ரொம்ப நீளமான முன்னோட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ட்ரெய்லர் காருக்குப் பின்னால் இழுபடுவது. வின்சென்ட் மினெல்லி இயக்கம். கதாநாயகி லூசில் பால், நாயகன் டெஸி ஆர்னாஸ். அப்போது டெலிவிஷனில் 'ஐ லவ் லூசி' சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. வீட்டில் ஓசியில் பார்க்கிற ஜோடியைக் காசு கொடுத்து யார் தியேட்டரில் பார்ப்பார்கள் என்று எம்.ஜி.எம். கம்பெனி தயங்கியதாம். ஜனங்கள் பார்த்தார்கள், படம் நன்றாக ஓடியது. நடித்தவர்கள் நிஜத்திலும் கணவன் மனைவி. திரைக்கதை எழுதிய ஆல்பர்ட் ஹாக்கெட், ஃபிரான்சஸ் குட்ரிச் இருவரும்கூட அப்படியே. படத்தில் வரும் சண்டைகள் எல்லாம் அனுபவப்பட்டவர்கள் எழுதி, அனுபவப்பட்டவர்கள் போட்டது. அந்த வித்தியாசம் தெரிகிறது.

கதை சுருக்கம். நிக்கி ஒரு சிவில் இன்ஜினீயர். வேலை ஊர் ஊராகப் போகும். கட்டிக்கொள்ளப் போகிற டேஸி, 'வீட்டுக்கு எதுக்குக் காசு? ட்ரெய்லர் வாங்கிட்டா நீங்க போற இடம் எல்லாம் நம்ம வீடு' என்கிறாள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கண்காட்சிக்குப் போகிறார்கள், ஒரு சின்ன ட்ரெய்லரைப் பார்க்க. பார்த்த சின்னது பிடிக்கவில்லை. பக்கத்தில் மஞ்சளாக, மணப்பெண் மாதிரி, 'நியூ மூன்' என்று ஒன்று நிற்கிறது. நீளம் 36 அடி. டேஸி அதற்குள் போனவள் மனசளவில் வெளியே வரவே இல்லை.

அப்புறம் ஆரம்பிக்கிறது செலவு. இருக்கிற கார் இதை இழுக்காது, வேறு கார். காரில் மாட்டக் கொக்கி, ட்ரெய்லருக்குத் தனி பிரேக். நிக்கி முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும் இந்தப் பகுதியை ட்ரெய்லர் விற்கிற எல்லாக் கடைகளிலும் இலவசமாகப் போட்டுக் காட்ட வேண்டும் என்று சட்டம் கொண்டுவரலாம். யானை வாங்கினவன் அங்குசத்தோடு முடிந்தது என்று நினைத்தால், பாகன் சம்பளத்தையும் கரும்புத் தோட்டத்தையும் யார் பார்ப்பது?

ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்: முதலில் ட்ரெய்லர் பிரேக், அப்புறம்தான் கார் பிரேக். படத்தில் இதை காமெடியாக வைத்திருக்கிறார்கள், ஆனால் விஷயம் சரியானது. ட்ரெய்லர் பின்னால் ஆட ஆரம்பித்தால் கார் பிரேக்கை அழுத்துவது ஆபத்து. முன்னால் உள்ளது நின்றுவிடும், பின்னால் வருகிற டன் கணக்கான வெயிட் நிற்காது, தள்ளும். ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் பிடித்தால் பின்னிருந்து இழுத்து நேராக்கிவிடும். இன்றைக்கும் பெரிய ட்ரெய்லர்களுக்கு டிரைவர் கை எட்டும் இடத்தில் அதற்கென்று ஒரு பெட்டி இருக்கிறது.

உறவினர் வீட்டுக்குப் போகிறார்கள். வாசலுக்கு ட்ரெய்லரை ரிவர்ஸில் விட வேண்டும். மாமா ஒரு பக்கம் 'வா வா' என்கிறார், மாமி மறு பக்கம் 'போ போ' என்கிறாள். ரோஜாச் செடி போச்சு, வீட்டு முகப்பும் போச்சு. ட்ரெய்லரைப் பின்னால் விடும்போது ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் ட்ரெய்லர் வலப்பக்கம் போகும். மூளை இதை ஒப்புக்கொள்ளச் சில நாள் ஆகும். சுற்றிலும் நாலு பேர் கத்தினால் ஒப்புக்கொள்ளவே கொள்ளாது.

பிறகு ஒரு இரவு சேற்றில் மாட்டி, ட்ரெய்லர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, டேஸி கதவு வழியாக நேராகச் சகதியில் போய் விழுகிறாள். ஓடுகிற ட்ரெய்லருக்குள் நின்றுகொண்டு இரவுச் சாப்பாடு தயார் செய்கிறாள். சாப்பாடு முழுக்க அவள் மேலேயே பரிமாறப்படுகிறது. லூசில் பால் உடம்பால் நகைச்சுவை செய்வதில் எத்தனை பெரிய ஆள் என்பதற்கு அந்த ஒரு காட்சி போதும். வசனமே தேவையில்லை.

ஆனால் படத்தின் உயிர் இவை எதிலும் இல்லை. கற்களில் இருக்கிறது.

* * *

டேஸிக்கு ஒரு பழக்கம். போகிற இடத்தில் எல்லாம் ஞாபகத்துக்கு ஒரு கல் எடுத்து வைத்துக்கொள்வாள். கூழாங்கல் இல்லை, இரண்டு கையால் தூக்குகிற சைஸ். கூடவே பழங்களை வாங்கிப் பதப்படுத்தி பாட்டில் பாட்டிலாக அடுக்குவாள். இது நம் அத்தைகளும் செய்கிறதுதான். வீட்டில் என்றால் பரணில் போட்டு மறந்துவிடலாம். ட்ரெய்லருக்குப் பரண் கிடையாது. இருந்தாலும் அந்தப் பரணையும் கார்தான் இழுக்க வேண்டும்.

மலைப்பாதை வருகிறது. வெயிட் அதிகம், எல்லாவற்றையும் தூக்கிப் போடு என்கிறான் நிக்கி. சரி என்கிறாள். போடவில்லை. ட்ரெய்லருக்குள் அங்கங்கே ஒளித்து வைத்துவிடுகிறாள். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாதாளம். இருவரும் பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் வேறு எதையோ பேசிக்கொண்டே வருகிறார்கள். அந்த உரையாடல் காமெடி மாதிரி ஆரம்பித்து வயிற்றைப் பிசைகிறது. நிக்கிக்கு வண்டியைப் பற்றிப் பயம், டேஸிக்குக் கற்களைப் பற்றிப் பயம். இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. கல்யாணமான யாரும் இந்த இடத்தில் சிரித்துவிட்டு உடனே பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

கற்கள் உருள்கின்றன, குட்டு வெளிப்படுகிறது, நிக்கி ஒவ்வொன்றாக எடுத்து மலையிலிருந்து வீசுகிறான். டேஸி பிரிந்து போகிறாள். கடைசியில் மழையில் சமாதானம்.

குறை சொல்வதென்றால் இந்த முடிவைத்தான் சொல்ல வேண்டும். 36 அடி வண்டிக்குக் கையெழுத்துப் போட்டது இரண்டு பேர், குற்றவாளி மட்டும் பெண்டாட்டி. அவன் கொண்டுவந்த சுமையை யாரும் எடை போடவில்லை. அந்தக் காலத்து ஹாலிவுட்டிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. இன்னொரு குறை, படம் முழுக்க ஒரு இடத்தில்கூட கேம்ப்கிரவுண்டின் சந்தோஷம் இல்லை. நெருப்பு மூட்டி உட்கார்ந்து, எதுவும் பேசாமல் காபி குடிக்கிற அந்த அரை மணி நேரத்துக்காகத்தானே இத்தனை பாடும்? மினெல்லிக்கு வெளி உலகத்தில் அக்கறை இல்லை. அவருக்கு மஞ்சள் பெட்டியும் உள்ளே இரண்டு பேரும் போதும்.

ஆனால் கற்கள் விஷயத்தில் படம் சொல்வது அசல் பௌதிகம். ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கார்க் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். பின்பக்கம் பாரம் சேரச் சேர இந்த அழுத்தம் குறையும், ட்ரெய்லர் கடிகாரப் பெண்டுலம் மாதிரி ஆடத் தொடங்கும். அதனால் கனமானவற்றைச் சக்கர அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு ஒட்டி வைக்க வேண்டும். கடைக்காரர் சொல்லும் எடை பெரும்பாலும் காலி வண்டியின் எடை. நீங்கள் கேட்க வேண்டியது, இதற்கு மேல் எத்தனை கிலோ ஏற்றலாம் என்பது. கதவுப் பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். தண்ணீர் டாங்க்கை நிரப்பினாலே 150 லிட்டருக்கு 150 கிலோ போய்விடும். காஸ் சிலிண்டர், பாட்டரி, பாத்திரம், அரிசி மூட்டை, இட்லிக் குக்கர், மனிதர்கள் எல்லாம் அப்புறம். லாரிகள் எடை போடும் மேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்ப்பதுதான் நாணயமான வழி.

* * *

டேஸியைப் பார்த்துச் சிரிக்கும் ஆண்களுக்காகப் புத்தகம். ஜான் ஸ்டைன்பெக்கின் 'டிராவல்ஸ் வித் சார்லி', 1962-ல் வெளிவந்தது. அதே வருஷம்தான் அவருக்கு நோபல் பரிசு. 1960-ல், தன் 58-வது வயதில், தன் தேசத்தையே மறந்துவிட்டோமோ என்ற சந்தேகம் வந்து, ஒரு டிரக்கின் முதுகில் கேம்பர் பெட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பெரிய கட்டில், அடுப்பு, ஹீட்டர், ஃப்ரிட்ஜ், கழிப்பறை எல்லாம் அதில் அடக்கம். வண்டிக்கு டான் குவிக்ஸாட்டின் குதிரையான ரோசினாந்தேயின் பெயர். துணைக்கு சார்லி என்ற பூடில் நாய்.

கேம்பரின் சந்தோஷம் எது என்று தெரிந்தவர் ஸ்டைன்பெக். வழியில் பார்க்கிறவர்களைத் தன் பெட்டிக்குள் கூப்பிட்டு காபியோ விஸ்கியோ கொடுத்துப் பேச வைக்கிறார். ஓட்டல் அறையில் நீங்கள் விருந்தாளி, கேம்பரில் நீங்கள் வீட்டுக்காரர். அயலூரில் ஒருத்தருக்கு 'உள்ளே வாங்க' என்று சொல்ல முடிவது சின்ன விஷயம் இல்லை. துணி துவைக்க அவர் கண்டுபிடித்த முறையும் அலாதி. மூடி போட்ட ஒரு குப்பை வாளியை எலாஸ்டிக் கயிற்றில் தொங்கவிட்டு, உள்ளே அழுக்குத் துணி, சோப்பு, தண்ணீர். நாள் முழுக்க வண்டி குலுங்கும், சாயங்காலம் அலசிக் காயப்போட வேண்டியதுதான். நோபல் பரிசு இலக்கியத்துக்குக் கொடுத்தார்கள், இதற்கும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.

அவருடைய கற்கள்? இருக்கின்றன. படிக்காமல் வைத்திருந்த புத்தகங்களாகப் பார்த்து 150 பவுண்டு, அதாவது 68 கிலோ, ஏற்றிக்கொள்கிறார். படிக்காமல் விட்டது இனிமேலும் படிக்கப்போவதில்லை என்று அவரே கிண்டல் செய்துகொள்கிறார். எழுதும் சாமான்கள், கருவிகள் என்று இன்னும் என்னென்னவோ. விளைவு, ஆரிகனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொட்டும் மழையில், பாரம் தாங்காமல் டயர் வெடிக்கிறது. நோபல் பரிசுக்கு இரண்டு வருஷம் முன்னால் அவர் சேற்றில் படுத்து டயர் மாற்றினார்.

இந்தப் புத்தகத்தில் இன்னொரு ஒளித்து வைத்த கல் பின்னால் வெளியே வந்தது. 2010-ல் பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் அதே வழியில் பயணம் செய்து, கடிதங்களையும் கையெழுத்துப் பிரதியையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பெரியவர் கேம்பரில் தனியாகத் தூங்கிய இரவுகள் சொற்பம், பல இரவுகள் ஓட்டல், மோட்டல், சொந்தக்காரர் வீடு, அதிலும் பல நாள் கூடவே மனைவி எலைன் என்று எழுதினார். சந்தித்துப் பேசியதாகச் சொல்லும் மனிதர்கள் சிலர் கற்பனையாக இருக்கலாம் என்பதும் அவர் வாதம். 2012-ல் வந்த ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரை, இதை அப்படியே நடந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எச்சரிக்கிறது.

எனக்கு இதில் கோபம் வரவில்லை. நாவலாசிரியர் கதை விடுவது உத்தியோக தர்மம். ஆனால் கேம்பர் வாங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. கட்டில், அடுப்பு, ஹீட்டர் என்று பார்த்துப் பார்த்துச் செய்த வண்டி வாசலில் நிற்க, முதலாளி ஓட்டலில் வெந்நீரில் குளித்துவிட்டுப் படுக்கிறார். வாங்குவதற்கு முன்னால் மூன்று இரவு வாடகைக்கு எடுத்துத் தூங்கிப் பாருங்கள். அதில் ஒரு இரவாவது மழை பெய்ய வேண்டும். கழிவுத் தொட்டியை நீங்களே காலி செய்ய வேண்டும். முதலில் கழிப்பறைத் தொட்டி, பிறகு குளித்த தண்ணீர்த் தொட்டி, அப்போதுதான் குழாய் அலசப்படும். வரிசை தெரியாமல் துணிந்தவர்கள் கதி என்ன என்று ராபின் வில்லியம்ஸ் நடித்த 'ஆர்.வி.' (2006) காட்டுகிறது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கவும்.

* * *

கடைசியாக 'நோமட்லாண்ட்'. ஜெஸ்ஸிகா புரூடர் 2017-ல் எழுதிய புத்தகம், க்ளோயி ஜாவ் இயக்கத்தில் 2020-ல் படமாகி, அடுத்த வருஷம் சிறந்த படம், இயக்குநர், நடிகை என்று மூன்று ஆஸ்கார் வாங்கியது. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு வேனிலும் ட்ரெய்லரிலும் குடியேறிய வயசானவர்களின் கதை. ஃபிரான்சஸ் மெக்டார்மண்ட் நடித்த ஃபெர்னுக்குக் கணவன் இறந்துபோய்விட்டான். வேலை பார்த்த ஜிப்சம் ஆலையை 2011-ல் மூடிவிட்டார்கள். நெவாடாவில் எம்பயர் என்ற அந்த ஊரின் தபால் குறியீட்டு எண்ணையே எடுத்துவிட்டார்கள். மிச்சம் ஒரு வேன். ஃபெர்னும் உல்லாசப் பயணிகளும் ஒரே கேம்ப்கிரவுண்டில்தான் இருக்கிறார்கள். அவர்கள் விடுமுறைக்கு வந்திருக்கிறார்கள், இவள் அங்கே கழிப்பறை கழுவுகிறாள். நம் நான்கு நாள் உல்லாசத்தின் மறுபக்கம் இது. இதற்கு முன் வந்த எந்த கேம்பர் சினிமாவும் கேமராவை இந்தப் பக்கம் திருப்பியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஃபெர்னிடமும் கற்கள் உண்டு. அப்பா சேர்த்துக் கொடுத்த, இலை வரைந்த பீங்கான் தட்டுகள். உதவி செய்கிறேன் என்று வந்த நண்பர் கைதவறி உடைக்கிறார். ஃபெர்ன் கத்தித் தீர்த்துவிட்டு, தனியாக உட்கார்ந்து துண்டுகளைப் பசை போட்டு ஒட்டுகிறாள். டேஸியின் கற்களை வீசியபோது சிரித்தோம். இங்கே சிரிப்பு வரவில்லை. டேஸிக்கு அது வருகிற வாழ்க்கையின் ஞாபகம், ஃபெர்னுக்கு முடிந்த வாழ்க்கையில் மிச்சம்.

இன்னொரு காட்சி. வேன் ரிப்பேர். மெக்கானிக், இதற்குச் செலவழிப்பதைவிட விற்றுவிடுங்கள் என்று நல்ல எண்ணத்தோடு சொல்கிறார். விற்க முடியாது, நான் அதில் குடியிருக்கிறேன் என்கிறாள். கேம்பர் வைத்திருப்பவர்களை இரண்டாகப் பிரிக்கும் கோடு இதுதான். வண்டி நின்றுபோனால் ஒருத்தருக்கு லீவு கெட்டது. இன்னொருத்தருக்கு வீடு போச்சு.

படத்தின் மேல் எனக்கு ஒரு புகார் உண்டு. புரூடரின் புத்தகம் கிடங்கு வேலையில் வயசானவர்களின் முதுகும் மணிக்கட்டும் என்ன ஆகிறது என்று சொல்கிறது. படத்தில் அமேசான் கிடங்கு ஏதோ மடத்துச் சமையல்கட்டு மாதிரி சாந்தமாக இருக்கிறது. அந்தி வெளிச்சமும் பியானோவும் சேர்ந்து வறுமைக்கு ஒரு அழகு வந்துவிடுகிறது. புத்தகத்தில் வரும் நிஜ மனிதர்கள், லிண்டா மே, ஸ்வாங்கி போன்றவர்கள், தாங்களாகவே வந்து நடிக்கும் இடங்களில் மட்டும் அந்த மினுக்கு கலைந்து, முகங்கள் பேசுகின்றன.

* * *

மூன்றில் எது சிறந்தது என்றால், உண்மை அதிகம் 'நோமட்லாண்ட்'டில், சுவாரஸ்யம் அதிகம் ஸ்டைன்பெக்கில். வண்டி வாங்கப் போகிறவருக்கு உபயோகம் என்று பார்த்தால் அந்த 1954 படம்தான். நகைச்சுவை என்கிற பெயரில் அது காட்டுவது ஒரு தராசு.

சின்னதாக எடுங்கள் என்பது மூன்றும் சேர்ந்து சொல்லும் யோசனை. மான்டானாவில் கிளேசியர் தேசியப் பூங்காவின் மலைச் சாலையில், அழகான நடுப் பகுதியில், 21 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அனுமதி இல்லை. நியூ மூன் அங்கே போயிருந்தால் வாசலோடு தேன்நிலவு முடிந்திருக்கும். சின்ன வண்டியில் இடம் போதாது என்றால், போதாத அந்த இடத்தை ஈடு கட்டத்தான் வெளியே ஒரு காடே இருக்கிறது. உள்ளேயே உட்கார்ந்து டி.வி. பார்க்க 400 மைல் எதற்கு?

ஏற்றுகிற சாமான்களில் எது கல், எது தட்டு என்று பிரிக்கத் தெரிந்தால் போதும். கல்லை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். அப்படி வைத்துவிட்டு வர ஒரு வீடு இருக்கிறதே, கேம்ப்கிரவுண்டில் காபி அத்தனை ருசியாக இருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஆர்.வி.யில் ஏற்றினாலும்.